ஹரிகேன், டைபூன், சைக்ளோன், வில்லி வில்லி: எது எந்தக் கடலின் பெயர்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "ஹரிகேன், டைபூன், சைக்ளோன், வில்லி வில்லி, பாகியோ என்று பாடத்தில் ஐந்து பெயர்கள் வருகின்றன. ஐந்தும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் இத்தனை பெயர் எதற்கு? நம் பக்கம் வரும் புயலுக்கு ஏன் வாயில் நுழையாத பெயராக வைக்கிறார்கள்?"

முதல் மூன்றும் ஒரே வகைப் புயல்தான். வெப்பமண்டலக் கடலில் மேல்பரப்பு நீர் ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும் இடத்தில் உருவாகும். நடுவில் காற்றழுத்தம் இறங்கி, அதைச் சுற்றிக் காற்று சுழலும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், தெற்கே கடிகார முள் போகும் திசையில் சுழலும். அமெரிக்காவில் அடிப்பதற்கும் ஆந்திராவில் அடிப்பதற்கும் இயங்கும் விதத்தில் வேறுபாடு கிடையாது.

பெயரை முடிவு செய்வது புயல் நிற்கும் கடல். வட அட்லாண்டிக், கரீபியன், மெக்சிகோ வளைகுடா, வடகிழக்குப் பசிபிக் என்றால் ஹரிகேன். சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், வியட்நாம் இருக்கும் வடமேற்குப் பசிபிக் என்றால் டைபூன். வங்கக் கடல், அரபிக் கடல், தென் இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கடல், தென் பசிபிக் என்றால் சைக்ளோன். வட பசிபிக்கில் ஹரிகேனுக்கும் டைபூனுக்கும் நடுவே எல்லை 180 பாகைத் தீர்க்கரேகை. 1994இல் ஜான் என்ற புயல் கிழக்குப் பசிபிக்கில் உருவாகி ஒரு மாதம் கடலிலேயே அலைந்தது. அந்தக் கோட்டை மேற்கே தாண்டியதும் அது டைபூன் ஜான் ஆனது, திரும்பிக் கிழக்கே வந்ததும் மறுபடி ஹரிகேன் ஜான். 2023 ஆகஸ்டில் ஹவாய்க்குத் தெற்கே போன டோராவும் அதே கோட்டைத் தாண்டி டைபூனாகியது. இரண்டிலும் புயலுக்குள் அந்த நொடியில் எதுவும் மாறிவிடவில்லை, வரைபடத்தில் ஒரு கோட்டைக் கடந்தது, அவ்வளவுதான்.

ஹரிகேன், டைபூன் இரண்டுக்கும் சர்வதேச வரம்பு ஒன்றே: நிலையான காற்று மணிக்கு ஏறக்குறைய 119 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதற்குக் கீழே, மணிக்கு 63 கிலோமீட்டர் வரைக்கும் அது 'வெப்பமண்டலப் புயல்' மட்டுமே. சைக்ளோன் என்ற சொல்லுக்கு இப்படி ஒரே வரம்பு இல்லை. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 63ஐத் தொட்டாலே அந்தப் பெயர் வந்துவிடும்.

அடுத்து வில்லி வில்லி. இந்தப் பட்டியலிலேயே எனக்கு நெடுநாளாக உறுத்தும் பெயர் இது. 'ஆஸ்திரேலியாவில் புயலுக்கு வில்லி வில்லி என்று பெயர்' என்று நம் பாடநூல்களும் பொது அறிவு வழிகாட்டிகளும் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றன. ஆஸ்திரேலியர் ஒருவரிடம் இன்று வில்லி வில்லி என்று சொன்னால், வெயில் காயும் பொட்டல் வெளியில் செம்மண்ணை வாரிக்கொண்டு சுழன்று எழும் தூசிச் சுழலைத்தான் நினைப்பார். கோடையில் நம் ஊர் மைதானங்களில் சருகையும் காகிதத்தையும் சுழற்றித் தூக்கிக்கொண்டு போகிறதே, அதேதான். புயலுக்கு அங்கே 'டிராபிகல் சைக்ளோன்' என்றுதான் பெயர், அந்நாட்டு வானிலைத் துறையும் அப்படியே சொல்கிறது.

அப்படியானால் பாடநூலுக்கு அது எங்கிருந்து வந்தது? அது வெறும் கற்பனை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் முத்துக் குளிக்கும் படகுகளைப் புயல்கள் கூட்டம் கூட்டமாக மூழ்கடித்தன. அந்தக் கரையில் இருந்தவர்களும் அக்காலச் செய்தித்தாள்களும் அந்தப் புயல்களை வில்லி வில்லி என்றது உண்மை. அந்தப் பகுதிப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து வந்த சொல் அது. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலப் புவியியல் நூல்களில் ஏறியது, அங்கிருந்து நம் பாடநூல்களுக்கு வந்தது. அங்கே வழக்கு மாறிப் போன பிறகும் இங்கே வரி மாறவில்லை. தேர்வில் கேட்டால் 'வில்லி வில்லி – ஆஸ்திரேலியா' என்றே எழுதுங்கள், விடைக்குறிப்பில் அதுதான் இருக்கும். ஆனால் மனத்தில் சரியானதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாகியோவிலும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. பிலிப்பைன்ஸில் புயலுக்குச் சொல்லும் சொல் 'பாக்யோ'. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அதை ஸ்பானிய எழுத்து முறைப்படி எழுதினார்கள், அந்த எழுத்துதான் நமக்கு 'பாகியோ' என்று வந்திருக்கிறது. அதே எழுத்தில் லூசான் தீவின் மலை மேல் ஒரு நகரமும் இருக்கிறது. 1911 ஜூலையில் ஒரு புயலின்போது அந்த நகரத்தில் 24 மணி நேரத்தில் 1,168 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதனால் நகரத்தின் பெயரிலிருந்துதான் புயலுக்குப் பெயர் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நகரத்தின் பெயர் அந்த மலைவாழ் மக்களின் மொழியில் பாசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புயலின் பெயர் அதைவிட எவ்வளவோ பழையது.

எவ்வளவு பழையது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தைவானின் பழங்குடிகளான அமிஸ் மக்கள் புயலை 'ஃபலியோஸ்' என்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 'பாக்யோ'. நடுக்கடலில் இருக்கும் குவாம் தீவில் சமோரோ மொழியில் 'பாக்யு' போல ஒலிக்கும் சொல். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தைவானிலிருந்து படகேறித் தீவு தீவாகப் பரவிய ஆஸ்திரோனேசிய மக்கள், போகும் இடத்துக்கெல்லாம் அந்தச் சொல்லையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாகப் புயல் வந்துகொண்டே இருந்த கடல் அது, அதனால் சொல்லும் மறக்கவில்லை. ஃபிஜித் தீவில் வேறு சொல்: 'தாங்கிலம்பா'. கொலைகாரக் காற்று என்று பொருள். சமோவாவிலும் டோங்காவிலும் 'அஃபா'.

டைபூன் என்ற சொல்லின் கதை சிக்கலானது. ஒரே சொல் மாதிரி தெரிந்தாலும் பல ஆறுகள் ஒன்றாகக் கலந்த இடம் அது. அரபியில் 'தூஃபான்' என்றால் பெருவெள்ளம், நூஹ் நபி காலத்து வெள்ளத்துக்கும் அதே சொல்தான். பாரசீகம் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது. இந்தியிலும் உருதுவிலும் தூஃபான், தெலுங்கில் 'துஃபானு'. போர்த்துகீசியர் இந்தக் கடல்களில் கேட்டு 'துஃபாவ்' என்று எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் எட்டிப் பார்த்தபோது அது குறித்தது கிழக்கிந்தியக் கடல்களின் புயலைத்தான். அதாவது சீனக் கடலுக்கு உரியது என்று இன்று நாம் படிக்கும் சொல் ஒரு காலத்தில் நம் பக்கத்துச் சொல்லாக இருந்திருக்கிறது. அப்புறம் தென்சீனத் துறைமுகங்களில் பெருங்காற்று என்று பொருள்படும் 'தாய் ஃபுங்' என்ற கான்டனீஸ் ஒலி காதில் விழ, இரண்டும் ஒட்டிக்கொண்டன. கிரேக்கப் புராணத்தில் டைஃபோன் என்ற அரக்கன் வேறு இருந்தான், ஐரோப்பியர் அந்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சீனர்களுக்குள்ளேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. குவாங்டோங் கரையில் பழைய நாட்களில் புயலை 'ஜூஃபெங்' என்று எழுதினார்கள். இன்று சீனாவில் தங்கள் புயலுக்குத் 'தைஃபெங்' என்ற சொல் நிலைத்துவிட்டது. வேலையில்லாமல் போன பழைய சொல்லைத் தூக்கி அட்லாண்டிக் ஹரிகேனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜப்பானில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரண்மனை இலக்கியத்தில் இலையுதிர்காலப் பெருங்காற்றுக்கு 'நோவாகி' என்று பெயர், வயல்வெளிப் புல்லை வகிடு எடுத்தாற்போலப் பிளந்துகொண்டு போகும் காற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானிலை ஆய்வாளர் ஒகாதா தாகெமாட்சுவின் காலத்தில் 'தைஃபூ' என்பது அறிவியல் சொல்லாக நிலைபெற்றது. இதிலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியரின் தைஃபூவுக்கு வரம்பு மணிக்கு 119 அல்ல, ஏறக்குறைய 62 கிலோமீட்டர்தான். நம் வானிலை மையம் வெறும் 'புயல்' என்று சொல்லும் அளவே அங்கே தைஃபூ ஆகிவிடும். பெயரையும் அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. 2019இல் ஜப்பானைப் புரட்டிப் போட்ட ஹகிபிஸ் புயல் அந்நாட்டுச் செய்திகளில் '19ஆம் எண் தைஃபூ' என்றே வந்தது. 5,000 பேருக்கு மேல் பலிகொண்ட 1959 புயலை உலகம் வேரா என்கிறது, ஜப்பானியர் அடிபட்ட இடத்தின் பெயரால் 'இசேவான் தைஃபூ', அதாவது இசே வளைகுடாப் புயல் என்கிறார்கள். நாம் 'தனுஷ்கோடி புயல்' என்று சொல்வது போலத்தான்.

ஹரிகேன் கரீபியத் தீவுகளின் பழங்குடிகளான தைனோ மக்களின் சொல். 'ஹுராகான்' என்று ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலத்துக்கு அது ஹரிகேன் ஆனது. கியூபாவில் கிடைத்த தைனோக்களின் மண் உருவங்கள் சில இருக்கின்றன. நடுவில் ஒரு முகம், உடம்பு கிடையாது. முகத்தின் இரு பக்கமும் இரண்டு கைகள், ஒன்று மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் வளைந்து, மொத்தமும் சுழல்வது போல இருக்கும். கியூப மானிடவியலாளர் ஃபெர்னாண்டோ ஓர்த்தீஸ் 1940களில் இதைச் சுட்டிக்காட்டி, இவர்கள் புயல் சுழல்வதை அறிந்திருந்தார்கள் என்று வாதிட்டார். இன்றைய வானிலை வரைபடத்தில் ஹரிகேனுக்குப் போடும் குறியை எடுத்துப் பாருங்கள்: நடுவில் வட்டம், இரு பக்கமும் வளைந்த இரண்டு கைகள். ஓர்த்தீஸ் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்று அறிஞர்கள் வாதாடட்டும், அந்த உருவத்தையும் இந்தக் குறியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்குச் சிலிர்ப்புத்தான் வருகிறது.

ஐரோப்பியர் அந்தக் காற்றைப் படிக்கக் கொடுத்த விலை பெரிது. 1502இல் சாந்தோ தொமிங்கோ துறைமுகத்துக்கு வெளியிலிருந்து கொலம்பஸ், புயல் வருகிறது, கப்பல்களை அனுப்பாதீர்கள் என்று ஆளுநருக்குச் சொல்லி அனுப்பினார். ஆளுநர் கேட்கவில்லை. புறப்பட்ட ஏறத்தாழ 30 கப்பல்களில் பெரும்பாலானவை மூழ்கின. ஒதுக்குப்புறத்தில் நங்கூரம் போட்ட கொலம்பஸ் தப்பினார்.

பின்னாளில் ஸ்பானியத் தீவுகளில் புயலுக்கு அது வந்த நாளின் புனிதர் பெயரை வைக்கும் வழக்கம் வந்தது. செப்டம்பர் 13 புனித ஃபெலிப்பே நாள். 1876இல் அந்த நாளில் புயல், 1928இல் மறுபடி அதே நாளில் புயல். அதனால் பின்னதைப் போர்ட்டோ ரிக்கோவில் 'இரண்டாம் சான் ஃபெலிப்பே' என்பார்கள். அதே புயல் சில நாளில் ஃபுளோரிடாவுக்குப் போய் ஒக்கிச்சோபி ஏரியின் கரையை உடைத்தது. அமெரிக்கர்களுக்கு அது 'ஒக்கிச்சோபி ஹரிகேன்'. மெக்சிகோவின் பசிபிக் கரையில் புனித ஃபிரான்சிஸ் நாளான அக்டோபர் 4ஐ ஒட்டி வரும் புயலைப் 'புனித ஃபிரான்சிஸின் சாட்டையடி' என்பது மாலுமிகள் வழக்கு. கியூபாக்காரர்கள் வீட்டுப் பேச்சில் ஹுராகானை விட 'சிக்லோன்' என்பதையே அதிகம் சொல்வார்கள். ஆகவே 'கரீபியன் என்றால் ஹரிகேன்' என்ற வரியும் முழுக்கச் சரியல்ல.

அந்தச் சிக்லோன், சைக்ளோன் எங்கே பிறந்தது? கல்கத்தாவில். நம் பாடநூல்கள் இதை இன்னும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கதை தொடங்குவது அமெரிக்காவில். 1821 செப்டம்பரில் ஒரு புயல் கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்து போனது. குதிரைச் சேணம் செய்யும் தொழில் படித்த வில்லியம் ரெட்ஃபீல்ட் அதற்குப் பிறகு அந்த வழியே நடந்து போனார். தன் ஊர்ப் பக்கம் மரங்கள் எல்லாம் வடமேற்கே தலை வைத்து விழுந்து கிடந்தன. இன்னும் வடமேற்கே போகப் போக, அதே புயலில் விழுந்த மரங்கள் தென்கிழக்கே தலை வைத்துக் கிடந்தன. ஒரே காற்று ஒரே திசையில் அடித்திருந்தால் இப்படி விழாது. காற்று சுழன்றிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார், 1831இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதே 1831இல் பார்படோஸ் தீவைப் புயல் நாசமாக்க, அங்கே கட்டடங்களைத் திரும்பக் கட்ட அனுப்பப்பட்ட ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் வில்லியம் ரீட் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய எழுத்து கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் கைக்குக் கிடைத்தது.

பிடிங்டன் கப்பலோட்டியாக இருந்து கரையேறியவர், கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். வங்கக் கடலில் புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளை வாங்கி, எந்த மணிக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். 1839 நவம்பரில் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் இருந்த கோரிங்கா துறைமுகத்தை அழித்த புயலையும் அப்படி ஆராய்ந்தார். அதற்கு ஐம்பது ஆண்டு முன், 1789இலும் அதே ஊரைக் கடல் விழுங்கியிருந்தது. இந்தக் காற்றுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சொல் வேண்டும், ஆனால் அது சரியான வட்டம் என்று உறுதியாகச் சொல்லவும் கூடாது என்று அவருக்குத் தயக்கம். பாம்பு சுருண்டு கிடப்பதையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து 'சைக்ளோன்' என்று வைத்தார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட கையேட்டில் அந்தச் சொல் வந்தது.

கையேட்டோடு மாட்டுக் கொம்பைச் சீவிச் செய்த, ஒளி ஊடுருவும் மெல்லிய தகடுகள் இரண்டு இருந்தன. ஒன்று வட கோளத்துக்கு, மற்றது தென் கோளத்துக்கு. தகட்டில் வட்டங்களும், வட்டத்தில் காற்றின் திசைகளும் வரைந்திருக்கும். கடல் வரைபடத்தில் உங்கள் கப்பல் நிற்கும் புள்ளி மேல் தகட்டை வைத்து, இப்போது அடிக்கும் காற்றின் திசையைப் பொருத்தினால் புயலின் மையம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று தெரிந்துவிடும். செயற்கைக்கோளோ கம்பியில்லாத் தந்தியோ இல்லாத காலத்தில் ஒரு தகடு எத்தனை உயிரைக் காத்திருக்கும்!

கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றங்கரையில் போர்ட் கேனிங் என்ற துறைமுகத்தைக் கட்டத் திட்டமிட்டபோது, 1853இல் பிடிங்டன் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு எழுதினார்: அந்த இடத்தை ஒருநாள் புயல் அலை மூடிவிடும், கட்ட வேண்டாம். கட்டினார்கள். பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867 நவம்பரில் புயல் வந்து அந்தத் துறைமுகத்தைச் சிதைத்தது, அது மறுபடி எழவே இல்லை. பெயர் வைத்தவர் என்று மட்டும் அவரைத் தெரிந்துகொள்வது போதாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரித்துச் சொன்னேன்.

சரி, சைக்ளோன் கல்கத்தாவில் பிறந்தாலும் நம் மக்கள் யாரும் அதை வீட்டுப் பேச்சில் வைத்துக்கொள்ளவில்லை. வங்காளிகளுக்கு 'கூர்ணிஜோர்', சுழலும் புயல். ஒடியாவில் 'பாத்யா', 1999 அக்டோபரில் பாரதீப் அருகே கரை கடந்து பல ஆயிரம் பேரைக் கொன்றது அவர்களுக்கு 'மகாபாத்யா'. தெலுங்கில் துஃபானு. மலையாளத்தில் 'சுழலிக்காற்று'. கன்னடத்தில் 'சண்டமாருதம்'. தமிழில் புயல், சூறாவளி இரண்டும் உண்டு. தமிழ்நாட்டுச் செய்திகளில் புயல்தான் வரும், சூறாவளி என்பதைப் பாடநூலும் வானிலைக் கட்டுரைகளும் வைத்திருக்கின்றன. மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23இல் அடித்ததை இன்றும் 'எழுபத்தெட்டுச் சூறாவளி' என்றே சொல்வார்கள். நம் கடற்கரையில் காற்றுக்குத் திசைப்படி பெயர்கள் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். ஆனால் புயலுக்கு அப்படிப் பிரிவு இல்லை, எந்தத் திசையிலிருந்து வந்தாலும் புயல் புயல்தான்.

செய்தியில் வரும் படிநிலைகளைத் தெரிந்துகொண்டால் பயனுண்டு. காற்று மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 63ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல், 167இல் அதிதீவிரப் புயல், 222க்கு மேல் போனால் சூப்பர் புயல். இந்த எண்களை அமெரிக்க எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. அமெரிக்கர் 1 நிமிடச் சராசரிக் காற்றை எடுக்கிறார்கள், இந்தியா 3 நிமிடம், ஜப்பான் 10 நிமிடம். நேரம் கூடக் கூடச் சராசரி இறங்கும். 2013இல் பிலிப்பைன்ஸை அடித்த ஹையான் ஜப்பான் கணக்கில் மணிக்கு 230 கிலோமீட்டர், அமெரிக்கக் கடற்படையின் கணக்கில் 315. 'உலகிலேயே வலுவான புயல் எது' என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொரு புயலுக்கும் தனித்தனியாக வைக்கும் பெயர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வானிலைத் துறையைக் கவனித்த கிளெமென்ட் ராக் இதை வழக்கமாக்கினார். பாலினேசியப் பெண்பெயர்களையும், பின்னால் தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பெயர்களையும் புயலுக்கு வைத்தார். 1953இல் அமெரிக்கா அட்லாண்டிக் புயல்களுக்குப் பெண்பெயர் வைக்கத் தொடங்கியது, 1979இலிருந்து ஆண்பெயரும் சேர்ந்தது.

நம் கடலில் பெயர் வழக்கம் வந்தது 2004இல்தான். அதற்கு முன் இங்கே அடித்தவை எல்லாம் ஊரும் ஆண்டும் சேர்ந்த பெயர்கள். 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் 'கே' என்ற டைபூன் உருவானது. துரப்பணக் கப்பல் ஒன்றைக் கவிழ்த்து 91 பேரைக் கொன்றது, தாய்லாந்தின் ஒடுங்கிய நிலப்பகுதியைத் தாண்டி வங்கக் கடலில் இறங்கியது, மறுபடி வலுத்து நெல்லூர் மாவட்டம் காவலியில் கரையேறியது. தாய்லாந்துக்காரர்களுக்கு அது டைபூன் கே, இந்தியப் பதிவேட்டில் 'காவலி புயல்'. இப்போது அப்படி இரண்டு பெயர் வராது. 2019 ஜனவரியில் அதே வழியாக வந்த பபூக், அந்தமான் கடலிலும் பபூக் என்றே அழைக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் மட்டும் விலக்கு. தன் எல்லைக்குள் வரும் எல்லாப் புயலுக்கும் அது தனிப் பெயர் வைக்கிறது. உலகத்துக்கு ஹையான், அவர்களுக்கு யோலாந்தா.

2004இல் தொடங்கிய நம் பட்டியலில் எட்டு நாடுகள், ஆளுக்கு எட்டாக 64 பெயர்கள். ஒனில் முதலாவது, 2020இல் வந்த அம்பான் கடைசி. அந்த ஆண்டு ஏப்ரலில் புதுப் பட்டியல் வந்தது: 13 நாடுகள், ஆளுக்கு 13, மொத்தம் 169. நாடுகளை ஆங்கில அகரவரிசையில் நிறுத்தி முறை வைத்துப் பெயர் எடுக்கிறார்கள். அதனால்தான் நமக்கு வரும் புயலுக்கு நம் பெயர் அமைவதில்லை. வர்தா பாகிஸ்தான் கொடுத்தது, ஒக்கி வங்கதேசம், கஜா இலங்கை, நிவர் ஈரான். மியான்மர் கொடுத்த மிக்ஜாமின் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'மிச்சாங்' என்று படித்தவர்களும், சவூதி கொடுத்த ஃபெஞ்சலை 'ஃபெங்கல்' என்று படித்தவர்களும் நிறையப் பேர். வாயில் நுழையாதது நம் குற்றம் இல்லை, அந்தந்த மொழியின் ஒலி ஆங்கில எழுத்து வழியாக வந்து சேர்வதால் வரும் சங்கடம். இந்தியா கொடுத்த பட்டியலில் மூன்றாவது பெயர் 'முரசு', எட்டாவது 'நீர்'. முறைப்படி முரசு வரும்போது அது ஓமான் பக்கம் போனால், அங்கே உள்ளவர்கள் நம் பெயரோடு இதே பாடு படுவார்கள்.

பெயரில் மனம் புண்படுவதும் உண்டு. 2013இல் இலங்கை கொடுத்த 'மகாசென்' என்ற பெயருக்கு இலங்கையிலேயே எதிர்ப்பு வந்தது. குளங்கள் கட்டி நாட்டை வளப்படுத்திய மன்னனின் பெயரை நாசம் செய்யும் புயலுக்கு வைப்பதா என்றார்கள். நியாயமான கோபம். பெயரை மாற்றி 'வியாரு' என்றார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களை விட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு ஒரு சொல். 2013 நவம்பரில் ஹையான் வருவதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை 'ஸ்டார்ம் சர்ஜ்' வரும் என்று எச்சரித்தது. புயல் கடலை அள்ளிக்கொண்டு வந்து கரைமேல் ஏற்றுவதற்கு ஆங்கிலப் பெயர் அது. தக்லோபன் நகரத்து மக்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை. பாக்யோ தெரியும், வருடம் தவறாமல் பார்க்கிறார்கள். வீட்டை இறுகக் கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். 5 மீட்டருக்கும் மேல் கடல் ஏறி வந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர் 6,300 பேர், பெரும்பாலோரைக் கொன்றது காற்று அல்ல, தண்ணீர். சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பலர் சொன்னார்கள்.

தெலுங்கில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு, 'உப்பெனா'. 1977 நவம்பர் 19இல் கிருஷ்ணா கழிமுகத்துத் திவிசீமாவில் கடல் சுமார் 5 மீட்டர் ஏறிக் குறைந்தது பத்தாயிரம் பேரை அடித்துப் போனது. அந்த நாளைத் 'திவிசீமா உப்பெனா' என்றே சொல்கிறார்கள், காற்றைக் குறிக்கும் துஃபானுவைச் சொல்வதில்லை. எது கொன்றது என்பது பெயரிலேயே இருக்கிறது.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'கடல் சீற்றம்', 'கடல் கொந்தளிப்பு'. சாதாரண நாளில் அலை கொஞ்சம் உயர்ந்து படகுகள் போகாவிட்டாலும் இதே சொற்கள், கடல் ஊருக்குள் ஏறி வருவதற்கும் இதே சொற்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்ததும், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வாரிக்கொண்டதும் ஏறி வந்த கடல்தான். நாம் அதைப் புயல் என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். வானிலை மையத்தின் அறிவிப்பில் அலை வழக்கமான ஏற்றத்தைவிட எத்தனை மீட்டர் உயரும், எந்த மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் நீர் புகும் என்று தெளிவாக ஒரு வரி வருகிறது. தொலைக்காட்சியில் படிக்கும்போது அது 'கடல் சீற்றத்துடன் காணப்படும்' என்று சுருங்கிவிடுகிறது. புதுச் சொல் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், 'கடல் இத்தனை அடி ஏறி ஊருக்குள் வரும், இந்தக் கிராமங்கள் காலி செய்யுங்கள்' என்று முழு வாக்கியமாகவே படித்துவிடலாம். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எண்ணையும் அப்படி விளக்கிச் சொல்ல வேண்டும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 அபாயம், புயல் துறைமுகத்தின் ஒரு பக்கமாகவோ மறுபக்கமாகவோ நேராகவோ கடக்கும். 8, 9, 10 அதே மூன்றும், பெரும் அபாயமாக. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.